கிழியட்டும் புத்தகம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘கு… ரு… வி…’ என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். எழுத்து தெரிகிறது, கதை பிடிபடவில்லை. அதற்கும் மருந்தாக நாம் எழுத்து அட்டையையே மறுபடி நீட்டுகிறோம்.

கதைப் புத்தகத்தை நீட்ட வேண்டும். எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அது தினமும் நடக்கட்டும். கூடவே கால் மணி நேரம் ஆசிரியர் ஒரு படக்கதையை வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். படம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், வரிக்குக் கீழே விரல் ஓட வேண்டும். ‘பூனை எங்கே போனது?’ என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்தால், நாலாவது பக்கத்தில் ஆசிரியர் வாய் திறக்குமுன் வகுப்பே அதைச் சொல்லிவிடும். மறுநாள் பின்வரிசைப் பையன் தானாகவே அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்த வரியில் விரலை வைப்பான். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேட்டு அவனை விரட்டிவிடக் கூடாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகவே தேவை. வீட்டில் ‘போயிடுச்சு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ‘போய்விட்டது’ என்பதைப் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில்தான் முதலில் பார்க்கிறது. கதையாகப் பலமுறை காதில் விழுந்திருந்தால் அந்தத் தமிழ் மிரட்டாது.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. வகுப்பறையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்ட ‘புத்தகப் பூங்கொத்து’ இருந்தது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அருமையான வேலை.

இருந்தும் எத்தனையோ பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் காணாமல் போனாலும் அட்டை கிழிந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஏழு வயதுக் கைகளில் புழங்கும் புத்தகம் கிழியத்தான் செய்யும்.

கல்வித் துறைக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: தொடக்கப் பள்ளியின் கதைப் புத்தகங்களைச் சாக்பீஸைப் போல, பயன்படுத்தித் தீரும் பொருளாகக் கணக்கில் எழுத அனுமதியுங்கள். கிழிந்தவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் புதியவற்றை அனுப்புங்கள். அதற்கான அரசாணையை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் வெளியிடுங்கள்.