கொட்டிலில் கிடக்கும் ஜீப்

போடி, கம்பம், குமுளிப் பக்கத்து ஏலத் தோட்டக்காரர் வீடுகளில், மாட்டுக் கொட்டிலை ஒட்டி ஒரு பழைய ஜீப் கிடப்பது அதிசயமல்ல. சக்கரங்களில் காற்று இராது. இருக்கையில் கோழி அடை காக்கும். பின்பக்கத்தில் உரச் சாக்குகள் அடுக்கியிருக்கும். ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டைகளையும், தோட்டத்து ஆட்களையும், நடுராத்திரியில் பிரசவ வேதனை கண்ட பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கிய வண்டி அது. பழைய இரும்பு வாங்குகிறவர் வருஷத்துக்கொரு முறை வந்து விலை கேட்பார். கொடுக்க மனம் வராது. எடுத்து ஓட்டவும் வழி தெரியாது. மழை மட்டும் தவறாமல் பெய்து, அடித்தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

இப்படிக் கிடந்த வண்டிகளைச் சில வீடுகளில் முற்றத்துக்கு இழுத்து வந்து, தகப்பனாரும் பிள்ளைகளுமாகக் கழற்றிச் செப்பனிடுகிறார்கள். வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. "இந்தத் துருப்பிடித்த இரும்புக்கு இவ்வளவு சீராட்டா?" என்று வீட்டு அம்மாளே முதலில் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீட்டில் பிரித்துப் பார்ப்பதற்கென்றே பிறந்த மோட்டார் வண்டி ஒன்று உண்டென்றால், அது ஜீப்தான்.

அதன் பிறப்பே அப்படி. 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு வண்டி வேண்டுமென்று கேட்டபோது, மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பான்டம் என்ற சிறிய கம்பெனி அதைச் செய்துகாட்டியது. பிறகு வில்லிஸ், போர்டு கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்து குவித்தன. சேற்றில் நின்றுகொண்டு ஒரு சிப்பாய் நாலைந்து கருவிகளால் திறந்து மூடக்கூடியதாக வண்டி இருக்க வேண்டும் என்பதே அப்போதைய கவலை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கிறது. முன் கண்ணாடி அப்படியே மடிந்து பானெட்டின் மேல் படுக்கிறது. உடம்பில் பெரும்பகுதி தட்டையான தகடு.

பம்பாயில் மகிந்திரா கம்பெனி 1949-இல் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. உயரமான பானெட்டுடன் கூடிய சி.ஜே.3பி என்ற மாதிரி 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அங்கே அது 1968-இல் நின்றுபோன பின்னும், இந்தியாவில் அதே உருவம் பல வருஷங்கள் தொடர்ந்து வந்தது. ஆகவே அறுபது வயது ஜீப்புக்கும் உதிரி உறுப்பு கிடைக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் இல்லாவிட்டால், புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடுகிறவருக்குக் கிடைக்கும். அதே வயதுள்ள வேறு சீமைக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இந்தப் பாக்கியத்தின் அருமை தெரியும்.

வேலையில் முக்கால் பங்கு பொறுமைதான். துருவேறிய போல்ட்டுகளில் இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். கழற்றிய நட்டுகளை டப்பா டப்பாவாகப் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும். எழுத்துக் கூட்டி எழுதும் வயதுப் பெண் குழந்தைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை, பிசகாமல் செய்வாள். காக்கிக் கான்வாஸ் கூரையைத் தைக்க அம்மாவின் தையல் மிஷின் போதாது, ஆனால் அளவெடுத்து வெட்டித் தர அவர் கை வேண்டும். கேலி செய்த அம்மாள் அந்த இடத்தில்தான் கட்சி மாறுவார்.

தாத்தா உயிரோடு இருந்தால் அவரை நாற்காலி போட்டு அருகில் உட்கார வைக்க வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரத்து நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். இது தெரியாத வாலிபன் முழுப் பலத்தையும் கூட்டித் திருகி, போல்ட்டையே முறித்துவிடுவான். கிழவர் ஒரு வார்த்தை சொன்னால் தப்பும். அந்தக் கை பிரேக்கும் அப்படித்தான்: அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டைப் பிடிக்கிறது.

விளையாட்டுக்கு இடமில்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. முன் இருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் டாங்கு இருக்கிறது. அதைக் கழற்றித் தொலைவில் வைக்காமல் தகட்டுக்கு வெல்டிங் வைக்கவே கூடாது. அடுத்தது பிரேக். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி; ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பிரேக்கை வீட்டில் பிரிக்கலாம். பூட்டும்போது கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் கூட இருந்தே தீர வேண்டும். போடிமெட்டு வளைவுகளில் இறங்கப்போகும் வண்டி அது.

பாதி வேலையில் அலுத்துப்போய், பஞ்சாப் - ஹரியானா எல்லையிலுள்ள மண்டி டப்வாலிக்கு ஆர்டர் கொடுத்துப் புது உடம்பை வரவழைத்து, யானைக்கால் போன்ற டயர்களை மாட்டி, நான்கு பக்கமும் விளக்குகளை வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் பணம். ஆனால் அதைப் பழைய ஜீப்பைப் புதுப்பித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். நம்பர் பலகையைத் தவிரப் பழையது அதில் ஏதுமில்லை.

இனி சர்க்கார் விஷயம். மத்திய சர்க்கார் 2021-இல் புராதன வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் கடந்த வண்டியை, 20,000 ரூபாய் கட்டித் தனி வரிசை எண்ணில் பதியலாம். பதிவு 10 வருஷம் செல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டகம், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் செய்திருக்கக் கூடாதாம். அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பந்தய ஊர்வலம், பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

விதி எழுதியவர்களின் மனத்தில் இருந்தது, ராஜாக்களின் மாளிகையில் துணி போர்த்தி வைத்த கார் போலும். மலைத்தோட்டத்து ஜீப்பின் கதை வேறு. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்த அந்த எஞ்சினை வைத்து மாரடிக்க முடியாமல், எத்தனையோ பேர் அதை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். கம்பெனியே அந்தப் பத்தாண்டில் டிராக்டர் எஞ்சினை வைத்து டீசல் ஜீப் விற்றது. அன்று எஞ்சின் மாற்றியது அலங்காரத்துக்கல்ல. வண்டி உயிரோடிருந்ததே அதனால்தான். நாற்பது வருஷம் உழைத்த அந்த டீசல் எஞ்சினையும் சேர்த்துத்தான் அது புராதன வண்டி. உழைக்காமல் படுத்துக் கிடந்த வண்டிக்கு மரியாதை, உழைத்ததற்குத் தள்ளுபடி என்பது என்ன கணக்கு?

இடம் கொடுத்தால் கண்ட எஞ்சினையும் வைத்துவிட்டுப் புராதனம் என்பார்களே என்று அதிகாரிகள் அஞ்சுவதில் அர்த்தமுண்டு. அதற்கு மருந்தும் கைவசம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, வண்டியில் செய்த மாறுதல் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன்பே முறையாகப் பதிவான எஞ்சின் மாற்றத்தை ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நேற்று வைத்த எஞ்சின் அதில் நுழைய முடியாது.

அதுவரை இந்த ஜீப்புகளுக்குச் சாதாரண வழிதான்: ஐந்து வருஷத்துக்கொரு முறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிப்பது. 2022 முதல் அதன் கட்டணம் பல மடங்கு ஏறியிருக்கிறது. ஆனாலும் ஓட்டுவதற்கு வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதுவே மேல். சந்தைக்கும் தோட்டத்துக்கும் தாராளமாக எடுத்துப் போகலாம். கொட்டிலிலிருந்து வண்டியை இழுக்குமுன் தாத்தாவின் தகரப்பெட்டியைக் குடைந்து, ஆர்.சி. புத்தகத்தைத் தேடியெடுத்து, சட்டகத்தின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடட்டும். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்.