செலவை அளக்க மறுக்கும் அரசு

2015 டிசம்பர் 27 அன்று, தமது வானொலி உரையில், மாற்றுத்திறனாளிகளை இனி ‘திவ்யாங்’ என்று அழைக்கலாம் என்றார் பிரதமர் மோடி. தெய்வீக உறுப்பு உடையவர் என்பது அச்சொல்லின் பொருள். அடுத்த ஆண்டே ஒன்றிய அரசுத் துறையின் இந்திப் பெயரில் அந்தச் சொல் இடம்பெற்றது. தங்களுக்குத் தெய்வீகம் வேண்டாம், உரிமை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் இயக்கங்கள் அப்போதே கூறின. பெயர் மாறியது. ஆனால், இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2012இல் இருந்த அதே 300 ரூபாயிலேயே நிற்கிறது. நாளொன்றுக்குப் பத்து ரூபாய். தெய்வீகத்துக்கு இந்த அரசு வைத்திருக்கும் விலை அதுதான்.

அந்தப் பத்து ரூபாயும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 சதவீதக் குறைபாட்டையே அளவுகோலாக ஏற்கிறது. ஓய்வூதியத் திட்டமோ 80 சதவீதம் கேட்கிறது. அதற்குமேல் குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் ஒருவரை மாற்றுத்திறனாளி என்று ஏற்ற பிறகும், ஓய்வூதிய அலுவலகத்தின் வாசலில் அவர் போதிய அளவு ஊனமுற்றவர் அல்லர், போதிய அளவு ஏழையும் அல்லர் என்று திருப்பி அனுப்பப்படுகிறார்.

வருமானம் ஒன்று, வாழ்க்கை வேறு

குறைபாட்டுடன் வாழ்வதற்குத் தனிச் செலவு உண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் இருப்பவருக்கு மாதந்தோறும் டயாபர், சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வேண்டும். பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் வேண்டும். பேருந்தில் ஏற முடியாதவருக்கு ஒவ்வொரு பயணமும் ஆட்டோ கட்டணம். பார்வையற்றவருக்குத் துணையாகச் செல்பவர் அன்றைய கூலியை இழக்கிறார். இவற்றுள் எதுவும் ஆடம்பரச் செலவு அல்ல. மற்றவர்கள் காலை எழுந்து, குளித்து, வேலைக்குப் போய்த் திரும்பும் நிலையை அடைவதற்கே இவர்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே தெருவில் மாதம் 24,000 ரூபாய் ஈட்டும் இரண்டு குடும்பங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு வீட்டில் மாற்றுத்திறனாளி இல்லை. மறு வீட்டில் சிகிச்சை, பயணம், துணையாள் ஆகியவற்றுக்கே 10,000 ரூபாய் போய்விடுகிறது. இரண்டாவது குடும்பம் உண்மையில் 14,000 ரூபாயில் வாழும் குடும்பம். அரசின் பதிவேட்டிலோ இரண்டும் ஒன்றுதான். உதவி உபகரணங்கள் வழங்கும் ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டத்தில், மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழு உதவி. 30,000 வரை இருந்தால் பாதி. அதைத் தாண்டினால் எதுவுமில்லை. அந்த இரண்டாவது குடும்பம் சக்கர நாற்காலிக்கு விண்ணப்பித்தால் பாதி விலையைத் தானே கட்ட வேண்டும்.

இந்த அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது. அரசு குடும்பத்தின் வருமானத்தை அளக்கிறது. குறைபாடு விழுங்கும் செலவை ஒருபோதும் அளப்பதில்லை. அந்தச் செலவைக் கணக்கில் எடுத்தால் வறுமைக்கோட்டுக்குக் கீழே வந்துவிடும் இலட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள், கணக்கில் எடுக்காததால் ‘வசதி உள்ளவர்கள்’ ஆகிவிடுகின்றன.

சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்பதற்கும் வழியில்லை. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தோர் 22.8 சதவீதம் மட்டுமே. அரசிடமிருந்து ஏதேனும் ஓர் உதவி பெற்றோர் 21.8 சதவீதம். குறைபாட்டுச் சான்றிதழ் வைத்திருந்தோரே 28.8 சதவீதம்தான். செலவு கூடுகிறது, வருமானம் குறைகிறது, சான்றிதழும் கையில் இல்லை. மீதமுள்ள ஒரே வழி கந்துவட்டிக் கடன்.

சட்டத்தின் எழுத்துகூட நிறைவேறவில்லை

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்று உறுதிசெய்தது. வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் குறைபாடு தொடர்பான செலவுகளில் அரசு உதவ வேண்டும் என்று அதன் 28ஆவது பிரிவு சொல்கிறது. அதை உள்நாட்டில் நிறைவேற்றக் கொண்டுவரப்பட்டதுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 24ஆவது பிரிவு ஓய்வூதியத்தையும், இலவச உபகரணத்தையும், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகையையும் பட்டியலிடுகிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, அரசின் ‘பொருளாதாரத் திறனின் எல்லைக்குள்’ என்றொரு வாசகம் உண்டு. கொடுக்க மனமில்லாத அரசுக்கு அந்தச் சொற்றொடரே போதுமான கேடயம்.

அதே பிரிவு, மற்றவர்களுக்கான இதேபோன்ற திட்டங்களில் தரப்படும் தொகையைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமேனும் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 200 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் 300 ரூபாய் தாராளம் என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கைம்பெண்களுக்கான ஓய்வூதியமும் அதே 300 ரூபாய். 80 வயதைக் கடந்தால் முதியோருக்கும் 500, மாற்றுத்திறனாளிக்கும் 500. கூடுதலாகத் தர வேண்டிய 25 சதவீதம் எங்கே போயிற்று?

வரவுசெலவுத் திட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. 2024-25இல் மாற்றுத்திறனாளிகள் துறைக்கு ஒதுக்கப்பட்டது 1,225.27 கோடி ரூபாய். சுமார் 48 இலட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டத்தில் இது நூறு ரூபாய்க்கு இரண்டரைக் காசு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கண்ட 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளுக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 457 ரூபாய். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான திட்டத்தின் ஒதுக்கீடோ 2022-23இல் 240 கோடியாக இருந்து, அடுத்த ஆண்டில் 150 கோடியாகி, 2024-25இல் 135 கோடியாகத் தேய்ந்தது.

கொடுக்காதது போதாதென்று வசூலும்

சக்கர நாற்காலி, பிரெய்ல் தாள், செயற்கைக் கால் போன்ற உதவிச் சாதனங்கள் மீது 2017 ஜூலை 1 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. நடப்பதற்கும் படிப்பதற்கும் வரி! வரியை முழுதாக நீக்கினால் உள்நாட்டு உற்பத்தியாளர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது, இறக்குமதியோடு போட்டியிட முடியாது என்று அரசு விளக்கம் சொன்னது. ஏற்றுமதியாளர்களுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் வரியே இல்லாமல் செய்து, உள்ளீட்டு வரியையும் திருப்பித் தருவது இதே ஜிஎஸ்டி சட்டம்தான். ஏற்றுமதி முதலாளிக்குத் திறக்கும் கதவு ஊன்றுகோலுக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை?

வருமான வரியிலோ ஒரு சலுகை இருந்தது. 80யூ, 80டிடி பிரிவுகளின் கீழ் 75,000 ரூபாயும், கடுமையான குறைபாட்டுக்கு 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத பெரும்பான்மையினருக்கு இதனால் என்றும் பயனில்லை. இயல்பான முறையாக இப்போது ஆக்கப்பட்டுள்ள புதிய வரி முறையில் அந்தக் கழிவும் கிடையாது.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஐந்து இலட்சம் ரூபாய் வரை ஈடு தருகிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான். வாரந்தோறும் போக வேண்டிய பயிற்சி சிகிச்சை அதில் வராது. ‘நிராமயா’ காப்பீடு ஓர் இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆனால் சட்டம் ஏற்ற 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்.

அரிய நோய்களில் இந்தப் பொறுப்புத் துறப்பு உச்சத்தை எட்டியது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை, வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படும் குழந்தைகளுக்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் இணையதளத்தை ஒரு வழியாக முன்வைத்தது. ஓர் அரசே குழந்தைகளின் பெயரில் உண்டியல் வைத்தது!

கட்டணம் கேட்காத உழைப்பு

அரசு கைவிட்ட இடத்தை நிரப்புவது யார்? தேசிய மாதிரி ஆய்வின்படி மாற்றுத்திறனாளிகளில் 62.1 சதவீதத்தினருக்குப் பராமரிப்பவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் தாய், மனைவி, மகள், மருமகள். குளிப்பாட்டுவது, தூக்குவது, உணவூட்டுவது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்று அவர் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை, விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. அதற்காக அவர் கைவிட்ட வேலையின் வருமானம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. குடும்பமே பார்த்துக்கொள்வதுதான் நமது பண்பாடு என்று ஆளும் கட்சியினர் பெருமை பேசுவதன் பொருள் இதுதான்: பெண்களின் இலவச உழைப்பில் அரசு தன் செலவை மிச்சப்படுத்துகிறது.

குறைபாடுகளில் பலவும் ‘விதி’யால் வருபவையும் அல்ல. அச்சு இயந்திரத்தில் விரல் இழந்தவர், கட்டுமானச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு செயலிழந்தவர், கல் குவாரித் தூசியில் நுரையீரலை இழந்தவர் எல்லாம் முதலாளியின் இலாபத்துக்கு உடலைக் கொடுத்தவர்கள். அணிதிரட்டப்படாத தொழிலாளிக்கு ஈஎஸ்ஐயும் இல்லை. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் சில ஆயிரங்களோடு கணக்கு முடிகிறது. அதன் பிறகான செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில். இலாபம் தனியாருக்கு, முறிந்த முதுகெலும்பு வீட்டுக்கு.

பணம் இல்லை என்பது பொய்

ஒரு கோடிப் பேருக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு 60,000 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சகமே அறிவித்தது. அதில் பாதிகூடத் தேவைப்படாது. பொருளாதாரத் திறனின் எல்லை என்பது மாற்றுத்திறனாளி கேட்கும்போது மட்டும் வரையப்படும் கோடு.

பணக்கார நாடுகளுக்கே இது முடியும் என்ற வாதமும் நிற்காது. பிரேசில் தனது 1988ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே, ஏழ்மையில் வாழும் மாற்றுத்திறனாளிக்கு மாதந்தோறும் ஒரு குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்தது. அங்கே குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் இந்தத் தொகையும் தானே உயர்கிறது. இந்தியாவிலோ 2012இன் 300 ரூபாயை விலைவாசி அரித்துக்கொண்டே இருக்கிறது.

சுமை மாநிலங்கள் மீது விழுகிறது. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் ஓய்வூதியம் 6,000 ரூபாயாகவும், முற்றிலும் செயலிழந்தோருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மனமிருந்தால் மாநில அரசாலும் முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கும் 2025இல் மறுமதிப்பீடு என்ற பெயரில் நோட்டீஸ்கள் பறந்தன, மக்கள் தெருவுக்கு வந்த பிறகே அரசு இறங்கி வந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு ஓய்வூதியத்தை 1,600 ரூபாயாக உயர்த்தியது. அதைத் தடையின்றி வழங்க அமைத்த நிறுவனம் வாங்கும் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்து நெருக்கியது ஒன்றிய அரசு. தான் 300க்கு மேல் கொடுக்காது, கொடுப்பவரையும் விடாது.

கோரிக்கையும் கடமையும்

ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கைக் குறைந்தபட்சம் 5,000 ரூபாயாக்கி விலைவாசியோடு இணைக்க வேண்டும். 80 சதவீத, வறுமைக்கோட்டு நிபந்தனைகளை நீக்கி 40 சதவீதத்தையே தகுதியாக்க வேண்டும். எல்லா நலத் திட்டங்களிலும், குறைபாட்டுச் செலவைக் கழித்த பிறகே குடும்ப வருமானத்தை மதிப்பிட வேண்டும். பராமரிப்பாளர் உதவித்தொகையை நாடு முழுவதும் வழங்க வேண்டும். உதவிச் சாதனங்களுக்கு ஏற்றுமதிக்கு நிகரான வரிவிலக்கு வேண்டும். பயிற்சி சிகிச்சை ஒன்றிய அளவிலேயே அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இவை மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு மட்டும் தூக்கிச் சுமக்க வேண்டிய கோரிக்கைகள் அல்ல. தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலியும் போனசும் இருக்கின்றன. அந்தக் கூலியில் பாதியை விழுங்கும் வீட்டுச் சுமை பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் இதைத் தம் சொந்தக் கோரிக்கையாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள மாற்றுத்திறனாளி குடும்பங்களைச் சந்தித்து, மாத வரவு எவ்வளவு, குறைபாட்டுக்கான செலவு எவ்வளவு, சான்றிதழ் இருக்கிறதா, ஓய்வூதியம் வருகிறதா என்று எழுதி வாங்க வேண்டும். அரசு அளக்க மறுக்கும் செலவை இயக்கம் வீடு வீடாக அளந்து, அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் முன் திரள வேண்டும்.