இரண்டாவது ஆள்

இந்தக் கிழமை முழுக்க எனக்குக் கோபம். ஆர் மேல் என்று கேட்டால் பெயர் சொல்ல முடியாது. இணைய ஏலங்களில் கேட்கிறவரின் பெயரை முழுதாகக் காட்டமாட்டார்கள். இரண்டு எழுத்து, நடுவில் மூன்று நட்சத்திரம். அந்த நட்சத்திரக்காரர்தான் என் எதிரி.

வெள்ளைக்கார அதிகாரி லூயிஸ் துரையின் வன்னிக் கையேடு, 1895இல் கொழும்பில் அச்சான முதற்பதிப்பு, வெளிநாட்டு ஏலத்தளம் ஒன்றில் விலைக்கு வந்திருந்தது. இந்தப் பத்தியை ஒழுங்காக வாசிக்கிறவர்களுக்கு லூயிஸ் துரை புதியவரல்ல. முறிகண்டிக் கச்சானைப் பற்றி எழுதப்போய் அவரிடம் கொண்டுபோய் முடித்தவன் நான். ‘திரும்பவும் தொடங்கிவிட்டார்’ என்று முனகுகிறவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டலாம்.

கண்டுபிடித்தது ரொறன்ரோவில் இருக்கிற பெறாமகன். “சித்தப்பா, உங்கட புத்தகம் வந்திருக்கு. ஏலமும் விட்டிருக்கினம், உடன வாங்கிறதெண்டால் அதுக்கும் ஒரு விலை போட்டிருக்கினம். என்ன செய்ய?” என்று வட்ஸ்அப்பில் கேட்டான். பக்கம் ஏதும் குறைகிறதா என்று விற்பவரிடம் விசாரித்துக்கொண்டு உடன் விலைக்கே எடுத்துவிடு என்றேன். விற்பவரின் பதில் வருவதற்குள் நட்சத்திரக்காரர் ஆரம்ப விலைக்கு ஓர் ஏலக் கேள்வி போட்டுவிட்டார். உடனே வாங்கும் பொத்தான் மறைந்துபோயிற்று.

இது கோளாறு அல்ல, ஒழுங்கே அதுதான் என்று பெறாமகன் விளக்கினான். ஈபே என்ற ஏலத்தளம் 1995இல் தொடங்கியபோது ஏலம் மட்டும்தான் இருந்தது. அங்கே முதலில் விலைபோனதாகச் சொல்லப்படுவது பழுதாய்ப்போன ஒரு லேசர் சுட்டி, 14.83 டொலருக்கு. நாட்கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் உடன் விலை வந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்ட பொருளுக்குப் பொதுவாக முதல் கேள்வி விழுந்ததும் உடன் விலை போய்விடும். சிலர் இதற்கென்றே சின்னத் தொகை ஒன்றைக் கேட்டு வைப்பார்களாம். ஐந்து டொலரால் நூறு டொலர்க் கதவைப் பூட்டுகிற வித்தை.

சரி, ஏலத்திலேயே பார்ப்போம் என்றேன். “உங்கட உச்சத் தொகையை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை அது பாக்கும்” என்றான். இந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் நூறு டொலர் வரை போவேன் என்று எழுதிவைக்கிறீர்கள். மற்றவர் அறுபதோடு நின்றால் உங்கள் சார்பில் தளமே அறுபத்தொன்று கேட்டு உங்களை வெல்ல வைக்கும். மிச்சம் முப்பத்தொன்பது உங்களுடையது. ஆகவே விலையைத் தீர்மானிப்பது வென்ற ஆளின் ஆசை அல்ல, அவருக்கு அடுத்ததாக நின்ற ஆளின் பணம். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் இப்படியான ஏலத்தில் மனதில் உள்ள தொகையை மறைக்காமல் சொல்வதே புத்தி என்று 1961இல் கணக்குப்போட்டுக் காட்டினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்; மூன்று நாளில் ஆள் இறந்துபோனார்.

விக்ரி சொன்னபடி உண்மையைச் சொன்னேன். ஏலம் முடிய ஐந்தாறு விநாடி இருக்கும்போது நட்சத்திரக்காரர் என் தொகைக்கு மேலே ஒன்றைப் போட்டுக் கொண்டுபோய்விட்டார். இங்கே விடியப்புறம், நான் நல்ல நித்திரை. இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறதாம்: குறித்த நேரத்தில் பட்டென்று மூடும் ஈபேயில் கடைசி நேரக் கேள்விகள் குவிந்தன, கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரத்தை நீட்டிக்கொண்டு போன அந்நாளைய அமேசான் ஏலத்தில் அப்படிக் குவியவில்லை என்று ரோத், ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002இல் எழுதினார்கள். எங்கள் கோயிலில் மாம்பழம் ஏலம் கூறுகிறவர் இரண்டாந்தரம் சொல்லிவிட்டு வெற்றிலை போடத் தொடங்குவாரே, அவர் அமேசான் கட்சி.

நட்சத்திரக்காரர் நாசமாய்ப் போகட்டும். புத்தகத்துக்கு வருகிறேன்.

டில்லியில் 1993இல் வந்த மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. 2009 தொடக்கத்தில் தர்மபுரத்தில் விட்டுவந்த பெட்டியோடு அது போயிற்று. ஜோன் பென்றி லூயிஸ் வன்னிப் பக்கத்தில் அதிகாரியாக இருந்து குதிரையிலும் வண்டியிலும் அலைந்தவர். இலங்கை முழுவதும் உள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தேடி 1913இல் இன்னொரு தடித்த புத்தகம் போட்ட மனிதர் என்றால் அவர் குணம் விளங்கும். வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைக் கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி தோற்கடித்த கதையை வெள்ளைக்காரன் பக்கத்திலிருந்து அறிய வேண்டுமானாலும் அவருடைய வன்னிக் கையேட்டுக்குத்தான் போகவேண்டும். லூயிஸின் காலம் காய்ச்சலும் பறங்கி நோயும் ஊர்களைக் காலியாக்கிய காலம். அந்தக் காலத்துக் குளங்களையும் ஊர்களையும் சனத்தொகையையும் ஒருவர் எண்ணி எழுதிவைத்திருக்கிறார். அவரது துரைத்தனம் எரிச்சல் தரும். ஆனால் அவர் தரும் தரவு இல்லாமல் என்னால் இருக்க முடியாது.

புத்தகம் அச்சாவதற்கு மூன்று வருடம் முன்னே, 1892இல், நெல்வரியை ஒழித்தார்கள். அந்த வரியும் நெடுங்காலம் ஏலத்தில்தான் ஓடியது. விளைச்சலில் பொதுவாகப் பத்தில் ஒன்று அரசாங்கத்துக்கு. அதை அரசாங்கம் தானே போய் அளக்காது. தண்டும் உரிமையை ஏலத்தில் விடும். கூடக் கேட்டவருக்குக் குத்தகை. வயல்காரன் கதிரறுக்குமுன் குத்தகைக்காரனுக்கு அறிவிக்க வேண்டும், அவன் வந்து மதிப்பிட வேண்டும். அவன் வரச் சுணங்கினால் மழையிலும் மாட்டிலும் அழிவது வயல்காரன் நெல். ஏலத்தில் போட்டி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குத்தகைக்காரனுக்கு நெருக்கம். கூடக் கேட்ட காசை அவன் வேறு எங்கே போய் எடுப்பான்? இரண்டாவது ஆள் நன்றாகக் கேட்டால் கச்சேரிக்கு இலாபம், களத்துமேட்டில் அடி.

பிறகு வரியைக் காசாக மாற்றினார்கள். காசு கட்டமுடியாதவர்களின் வயலையே ஏலத்தில் விட்டார்கள். 1880களில் மலைநாட்டு வலப்பனையில் இது பெரிய அநியாயமாக நடந்தது. நுவரெலியா உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே அதை வெளியில் கொண்டுவந்தார். கடனில் கிடக்கிற ஊரில் அயலவனின் வயலைக் கேட்க எவனிடம் காசு? இரண்டாவது ஆளே இல்லை. சொற்பத்துக்குப் போயின வயல்கள்.

இரண்டாவது ஆள் இல்லாத இந்தக் கணக்கைப் பார்க்கச் சுவடிக்கூடத்துக்குப் போகவேண்டியதில்லை. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வந்ததும் மீன் கூறுகிற இடத்தில் நின்றால் போதும். இயந்திரத்துக்கும் வலைக்கும் ஒரு முதலாளியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளியின் மீனுக்கு அந்த முதலாளி விலை சொல்வார்; பக்கத்தில் நிற்கிற முதலாளி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாளைக்கு அவருடைய ஆளின் மீன் வரும்போது இவர் கடலைப் பார்க்க வேண்டுமே. கூறுகிற குரல் இருக்கிறது, தராசு இருக்கிறது, ஏலம் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஓடுகிற ஏலச்சீட்டில் வேறு மாதிரி. அங்கே காசு தேவைப்பட்டவர்கள் கழிவு கேட்பார்கள். ஆகக் கூடிய கழிவை விட்டுக்கொடுக்கிறவருக்கு அந்த மாதச் சீட்டு, கழித்த காசு மற்றவர்களுக்குப் பங்கு. போன மாதம் ஒரு பிள்ளைக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை. தாய் சின்னக் கழிவு ஒன்றைச் சொன்னார். வழக்கமாக முண்டியடிக்கிற இருவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். பெறாமகனிடம் சொன்னேன். “அங்க இப்பிடிப் பேசிவைச்சுச் செய்தால் கணக்கை மூடிப்போடுவாங்கள், சித்தப்பா” என்றான்.

மீன் முதலாளிமாரும் பேசிவைத்துத்தான் கடலைப் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கை மூட ஒருவரும் இல்லை. சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்குத்தான் இதில் கொஞ்சம் மனக்குறை. கழிவு குறைந்தால் பங்கு குறையும், பங்கு குறைந்தால் அடுத்த சீட்டுக்கு ஆள் பிடிப்பது கஷ்டம் என்கிறார். என்னையும் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.