‘பசுமை வீடு’ என்ற விளம்பரம் போதுமா? செமோரில் வீடு வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி

செமோர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் இன்று தாமான்கள் எழுந்துள்ளன. கிளேபாங், மேரு, கந்தான் என ஈப்போவின் வடக்குப் பகுதி வளர்ந்துகொண்டே போகிறது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் ஊழியர் சேம நிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் நம்பி இங்கே வீடு தேடுகிறார்கள். வீடமைப்பு விளம்பரங்களிலோ ‘பசுமை’, ‘நிலைத்தன்மை’ போன்ற சொற்கள் அதிகமாகத் தென்படுகின்றன.

அந்தச் சொற்களுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறதா, வெறும் விளம்பரம்தானா? முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு தவணை கட்டப் போகிற குடும்பம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் கேட்பது என்ன?

தீபகற்ப மலேசியாவில் வீடு கட்டுவதற்கு இரண்டு முக்கிய அனுமதிகள் தேவை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் பெறும் திட்ட அனுமதி ஒன்று. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் பெறும் கட்டட வரைபட அனுமதி மற்றொன்று. இவற்றை வழங்குவது ஊராட்சி மன்றம்.

கட்டுமானம் முடிந்ததும் சிசிசி எனப்படும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் தேவை. முன்பு வீட்டில் குடியேறும் தகுதிச் சான்றிதழை ஊராட்சி மன்றம் வழங்கியது. 2007 ஏப்ரல் 12 முதல் அந்தப் பொறுப்பு, வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளரிடம் வந்தது. அடித்தளம் முதல் கூரை வரை ஒவ்வொரு கட்ட வேலைக்கும் உரியவர்கள் கையெழுத்திட்ட 21 பாரங்கள் சேர்ந்த பிறகே அவர் சிசிசி வழங்க முடியும்.

பசுமைச் சான்றிதழ் இந்தப் பட்டியலில் இல்லை. ஜிபிஐ எனப்படும் பசுமைக் கட்டடக் குறியீடு 2009இல் அறிமுகமானது. மலேசியக் கட்டடக் கலைஞர் கழகமும் ஆலோசகப் பொறியியலாளர் சங்கமும் சேர்ந்து அதை உருவாக்கின. பின்னர் வீடமைப்பு மேம்பாட்டாளர் சங்கமான ரெஹ்டா, கிரீன்ஆர்இ என்ற மற்றொரு சான்றிதழைக் கொண்டுவந்தது. ஊராட்சி மன்றம் விரும்பினால் திட்ட அனுமதியில் இவற்றை நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஆனால், புதிய வீடுகள் அனைத்துக்கும் இவற்றைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் நாட்டில் இல்லை. 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டமும் பெரும் பயனீட்டாளர்களையும் பெரிய கட்டடங்களையும் நோக்கியது. வரிசை வீடுகளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

தற்காலிகமும் இறுதியும்

ஜிபிஐ மதிப்பீடு 100 புள்ளிகளைக் கொண்டது. 50 புள்ளி பெற்றால் சான்றிதழ், 66இல் வெள்ளி, 76இல் தங்கம், 86இல் பிளாட்டினம். இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் வரைபடத்தைப் பார்த்துத் தற்காலிகத் தரம் வழங்கப்படும். கட்டி முடித்த பிறகு சரிபார்த்து இறுதித் தரம் வழங்கப்படும். அதன் பின்னரும் தரத்தைத் தக்கவைக்க மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய வேண்டும்.

கட்டப்படும் முன்பே விற்கப்படும் வீட்டில் வாங்குபவர் பார்ப்பது பெரும்பாலும் தற்காலிகத் தரத்தைத்தான். இறுதித் தரம் கிடைத்ததா என்பது சாவி வாங்கும் நாளுக்குப் பிறகே தெரியவரலாம். அதற்குள் வங்கிக்குத் தவணை ஓடத் தொடங்கியிருக்கும்.

செலவு யார் தலையில்?

பதிவு, மதிப்பீடு, ஆலோசகர் என ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். விலை உயர்ந்த கொண்டோமினியத்தில் அது பெரிதாகத் தெரியாது. கட்டுப்படி விலை வீட்டில் ஒவ்வோர் ஆயிரம் வெள்ளியும் கணக்குதான். சான்றிதழ் பெற்ற கட்டடத்தை வாங்குவோருக்கு முன்பு முத்திரை வரிச் சலுகை இருந்தது. 2009 அக்டோபர் 24 முதல் 2014 டிசம்பர் 31 வரை கையெழுத்தான ஒப்பந்தங்களுடன் அது முடிந்துபோனது.

ஆகவே, முழுச் சான்றிதழையும் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினால் அந்தச் சுமை கடைசியில் தோட்டத்திலிருந்து வந்து முதல் வீடு வாங்குபவர்மீதே விழக்கூடும். எதையுமே கட்டாயமாக்காவிட்டால் வசதி உள்ளவருக்குக் குளுமையான வீடும் இல்லாதவருக்கு வெக்கை வீடும் என்ற நிலை தொடரும். தகரக் கூரையின் கீழ் மதியம் படுக்க முடியாமல் வெளியே மரத்தடிக்கு வந்த தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கல்வீட்டுக்கு மாறிய பிறகும் கூரைக்கடியில் வெப்பத் தடுப்பு இல்லையென்றால், மரத்தடிக்குப் பதில் குளிர்சாதனமும் அதற்கான மின்கட்டணமும் வந்து சேர்கின்றன.

நடுவழி உண்டு

இதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் 2005இல் ‘கிரீன் மார்க்’ தரத்தை விருப்பத் திட்டமாகத் தொடங்கியது. 2008 ஏப்ரலில், 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளப்பரப்பு கொண்ட புதிய கட்டடங்களுக்குக் குறைந்தபட்சப் பசுமைத் தரத்தைச் சட்டமாக்கியது. தங்கமும் பிளாட்டினமும் விருப்பம், அடிப்படை மட்டும் கட்டாயம் என்பதே அதன் வழி.

தமிழ்நாடு இன்னும் எளிமையாகத் தொடங்கியது. 2003இல் மழைநீர் சேகரிப்பை அங்கு கட்டாயமாக்கி, புதிய கட்டட அனுமதியோடு இணைத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையில் பல இடங்களில் கிணற்று நீர் உயர்ந்தது. ஆனால் 2019இல் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, பல வீடுகளில் அந்த அமைப்புகள் பராமரிப்பின்றிக் கிடந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. அனுமதி வாங்குவதற்காக மட்டும் கட்டியது அனுமதியோடு நின்றுவிடுகிறது என்பதே அந்தப் பாடம்.

பேராக்கிற்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சீரான கட்டடத் துணைவிதிகளின் திருத்தங்களை ஒவ்வொரு மாநிலமும் அரசிதழில் வெளியிட்டே நடைமுறைப்படுத்துகிறது. கூரை வெப்பத் தடுப்பு, காற்றோட்டம், கொசு புகாத மழைநீர்த் தொட்டி ஆகிய மூன்றையும் வரைபட அனுமதியிலேயே அடிப்படைத் தேவையாக்கி, கட்டுப்படி விலை வீடுகளுக்கு அந்தக் கூடுதல் செலவில் உதவினால், சான்றிதழ் இல்லாத வீடும் வாழத்தக்கதாக இருக்கும்.

செமோர் செலுத்தும் விலை

வீடுகளுக்கான ஜிபிஐ மதிப்பீட்டில் அதிகப் புள்ளிகள் இடத் தேர்வுக்கும் திட்டமிடலுக்கும் செல்கின்றன. கடை, பள்ளி, பேருந்து ஆகியவை அருகில் இருப்பது அதில் அடங்கும். கட்டுமானப் பொருள்களுக்கு ஏறக்குறைய பத்துப் புள்ளிகள்தாம். இந்த இரண்டும் செமோர் மக்களைத் தொடுபவை. தமிழ்ப்பள்ளிக்கும் கடைக்கும் கார் இல்லாமல் போக முடியாத தாமானில், கூரையில் சூரியத் தகடு மாட்டுவதால் மட்டும் குடும்பச் செலவு குறைந்துவிடாது.

பொருள்களைப் பொறுத்தவரை, நாட்டின் சிமெண்ட் ஆலைகளில் ஒன்று கந்தானில்தான் இருக்கிறது. அதற்குப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றான குனோங் கந்தானில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் வாழ்வதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். 2014இல் அங்கு அறியப்பட்ட சிறு நத்தை ஒன்றுக்கு, அப்போது ஆலையை நடத்திய லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே சூட்டினார்கள். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு கட்டடம் பெறும் பசுமைப் பட்டத்திற்கான மலை, இந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கும் மலையாகவும் இருக்கலாம்.

கையெழுத்துக்கு முன்

சட்டம் மாறும்வரை வாங்குபவருக்குக் கைகொடுப்பது ஒப்பந்தம்தான். தரை வீடுகளுக்கான அரசாங்க விற்பனை ஒப்பந்தத்தின் நான்காவது அட்டவணையில் கூரை, உட்கூரை, சன்னல், குழாய் ஆகியவற்றின் விவரம் இருக்கும். விளம்பரத்தில் சொன்ன வெப்பத் தடுப்பும் மழைநீர்த் தொட்டியும் அங்கே எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் தற்காலிகமா இறுதியா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்திற்கு வழக்கறிஞர் இன்றியே கொண்டுபோகலாம். அங்கே விளம்பரத் தாளை நீட்டுவதைவிட, கையெழுத்திட்ட அட்டவணையை நீட்டுவதே வலுவான ஆதாரம்.