மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியும் என் மூஞ்சியும்

முப்பது வயசுகூட ஆகலை, காதோரம் நரை. வீட்ல வேற பொண்ணு பார்க்குறாங்க. சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை தலைக்கு கறுப்பு டை அடிச்சேன். செவ்வாய்க்கிழமை காலைல கண்ணாடியில வேற யாரோ நிக்கிறான். நெத்தி, காதோரமெல்லாம் சிவந்து அரிப்பு, கண் இமை ரெண்டும் வீங்கி... ஆபீசுக்கு லீவு.

தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி மூஞ்சியை ஒரே ஒரு செகண்ட் பார்த்தார். டியூப் ஒண்ணை எடுத்துப் போட்டார். "காலைல, ராத்திரி தடவுங்க தம்பி". சீட்டெல்லாம் கேட்கலை. ரெண்டே நாள்ல மூஞ்சி பளபள. அண்ணாச்சி வாழ்க!

வில்லங்கமே இங்கதான். க்ரீமை நிறுத்தினா சிவப்பு திரும்ப வருது. தடவினா அடங்குது. நடுவுல மாசாமாசம் டை வேற. நாலு டியூப் காலி ஆனப்புறம், வெயில்ல போனாலே மூஞ்சி எரிய ஆரம்பிச்சதும்தான் தோல் டாக்டர்கிட்ட போனேன். டியூபைத் திருப்பிப் பார்த்தவர் தலையில அடிச்சுக்கிட்டார். உள்ளே இருந்தது குளோபிடசால். ஸ்டீராய்டு க்ரீம்கள்லயே ரொம்ப வீரியமான வகை. துணைக்கு பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒரு மருந்து. எனக்கு அது ரெண்டுமே கிடையாது! முன்கையை விட நெத்தித் தோல் ஸ்டீராய்டை சுமார் 6 மடங்கு உறிஞ்சுமாம். தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், நிறுத்தினா மூஞ்சி பழிவாங்கும்.

நம்ம பாஷையில சொன்னா, எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு பக்கை அப்படியே விட்டுட்டோம். பக் எங்கேன்னு கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. முதுகுல சந்தேகப்படுற பொருளையெல்லாம் ஒட்டி, 48 மணி நேரம் கழிச்சு எடுத்து, ரெண்டு தடவை பார்ப்பாங்க. (அந்த ரெண்டு நாளும் குளிக்க முடியாது, பக்கத்து சீட்டுக்காரன் பாவம்.) எனக்கு மாட்டினது பாரா ஃபினைலீன் டையமீன், சுருக்கமா பிபிடி. தலைச்சாயத்துல கறுப்பு குடுக்கிற சரக்கு. 'கறுப்பு மெஹந்தி'யிலயும் இதைக் கலக்குறாங்க. சாயத்தை நிறுத்தணும், அதான் வைத்தியம். மத்தபடி வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. ஸ்டீராய்டே கூடாதுன்னு இல்லை. முகத்துக்கு வீரியம் குறைஞ்ச ஹைட்ரோகார்ட்டிசோனை சில நாள் மட்டும் டாக்டர் குடுக்கலாம். ஆனா அதை டாக்டர் குடுக்கணும்ல?

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2018 மார்ச்ல 14 ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச்-ல சேர்த்தாச்சு. சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு டியூப்லயே பொடி எழுத்துல போட்டிருக்கு. அண்ணாச்சிக்கு இது தெரியாதா? தெரியாம எப்படிய்யா மருந்துக்கடை நடத்துறார்? வாங்கின நானும் யோக்கியன் இல்லை. டாக்டர் ஃபீஸை மிச்சம் பிடிச்சேன்ல, கடைசியில அதுக்கு மேலயே அழுதேன்.

நேத்து அதே கடையில ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, பருவுக்கு க்ரீம் கேட்டுச்சு. அண்ணாச்சி கை அதே டியூபுக்குப் போச்சு. "அது ஸ்டீராய்டுங்க, பரு இன்னும் ஜாஸ்தியாகும்"னு குறுக்கே விழுந்தேன். "உங்களுக்கு சரியாச்சுல்ல தம்பி?"ன்னார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அண்ணாச்சியும் இல்லை.