மோகமா, வரியா?

ஜெர்மானியருக்கு டீசல் கார் மீது மோகமாம், அமெரிக்கருக்கு வெறுப்பாம்! நம்பாதீர், தோழர்களே! வேறுபடுவது விருப்பமன்று, வரி!

ஜெர்மனியில் லிட்டர் பெட்ரோலுக்கு எரிபொருள் வரி 65.45 யூரோ சென்ட், டீசலுக்கோ 47.04 தான். 2015இல் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழப் பாதி டீசல். அமெரிக்காவிலோ மத்திய வரி, காலன் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4. புகைக் கட்டுப்பாடும் கடுமை. டீசல் கார் அங்கே அரிதானதில் வியப்பென்ன?

சலுகை பெற்றவர் காரில் சென்றனர். புகையை விழுங்கியவர் தெருவில் நடந்தனர். சோதனையின்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைத்து ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் மோசடி 2015இல் அம்பலமாயிற்று. சிக்கிய வண்டிகள் உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம்!

வரி விதிக்கும் பேனா எவர் பக்கம் சாய்கிறது? அதைக் கேட்பதே அரசியல். கேளுங்கள், தோழர்களே!