பொன்னம்மாள் எப்படிப் பாடினார்?

கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பொன்னம்மாளைப் பற்றி அண்மையில் ஓர் இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தபோது எழுந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி, அங்கேயே முதல் ஆசிரியை, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர், 2006இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண். 2017இல் பத்மஸ்ரீ. எல்லாம் உண்மை. ஆனால் அவர் எப்படிப் பாடினார் என்று ஒரு வரி இல்லை. ஒரு ராகத்தின் பெயர்கூட இல்லை.

பாடகியைப் புகழ்வதற்கென்று போடும் இந்தப் பட்டியல், கடைசியில் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கே பெருமை சேர்க்கிறது. 1924இல் பிறந்தவர் அந்த மண்டபத்தில் பாட எண்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. குரல் கனிந்து நின்றிருக்கக்கூடிய நாற்பது ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? இதை வெறும் கொண்டாட்டச் செய்தியாக எழுத எப்படி மனம் வருகிறது?

தமிழ்நாடு–கேரள எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இந்த மண்டபத்தின் கதை ஏட்டுச் சங்கதி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருகிறார்கள். முதல் இரவு குழித்துறை. களியக்காவிளையில் கேரளப் போலீசாரின் அணிவகுப்பு மரியாதை. பிறகு பாறசாலை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1இல் இரு மாநிலங்களுக்கும் நடுவே கோடு விழுந்த பிறகும் அந்த வழித்தடம் மாறவில்லை. வாசலில் விளக்கேற்றி, பூவும் பழமும் தட்டில் வைத்துப் பெண்கள் காத்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். பொன்னம்மாளின் ஊர் வழியாகத்தான் அந்தத் தெய்வம் போயிற்று. போய்ச் சேர்ந்த நவராத்திரி மண்டபத்தில் அதன் முன்னால் அந்த ஊர்ப் பெண் பாடக் கூடாது என்பதே வழக்கமாக இருந்தது.

அந்த மண்டபத்தில் பாடுவதென்றால் என்னவென்று அக்கட்டுரையாளர் விசாரித்திருக்க வேண்டும். மின்விளக்கு கிடையாது, எண்ணெய் விளக்குதான். கைதட்டல் கிடையாது. முல்லமூடு பாகவதர்களின் தோடயமங்களம் முடிந்ததும் கச்சேரி. ஒன்பது நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள். சங்கராபரணத்தில் தொடங்கி, கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி என்று நடந்து ஆரபியில் முடியும். ராகத்தைப் பாடகர் தேர்ந்தெடுக்க முடியாது, நாள்தான் தீர்மானிக்கும். ஆலாபனை, தானம், அப்புறம் கீர்த்தனை. தானத்துக்கு மிருதங்கமும் சேர்ந்து வாசிப்பது அங்குள்ள தனி மரபு. மற்ற மேடைகளில் தன் மூச்சின் போக்கில் தானம் பாடிப் பழகியவர் இங்கே மிருதங்கத்தின் நடைக்கு இடம் கொடுத்து, அதிலும் தன் நிதானத்தை இழக்காமல் இருக்க வேண்டும். எண்பதைக் கடந்த ஒரு குரல் அந்தச் சோதனையை எப்படி எதிர்கொண்டது? கட்டுரைக்கு அதுவல்லவா பொருள்!

ஜாஸ் இசையில் பித்துப் பிடித்துக் கிடந்த நாட்களில் நமக்கு ஒரு நல்ல பழக்கம் கிடைத்தது: எந்தத் தட்டில் யார் என்ன வாசித்தார் என்று குறித்துவைப்பது. எடி கோஸ்டா என்ற கலைஞர் பியானோவும் வைப்ரஃபோனும் வாசித்தவர். 1957இல் ஓர் அமெரிக்க ஜாஸ் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் இரண்டு வாத்தியங்களுக்கும் புதிய நட்சத்திரமாகத் தேர்வானார். ஒரே ஆண்டில் இரு பிரிவிலும் வென்ற முதல் ஆள் அவர்தான். 1962இல் கார் விபத்தில் போனபோது வயது 31. அந்த ‘முதல்’ இன்று யாருக்கும் நினைவில்லை. பியானோவின் கீழ்க்கட்டைகளில் அவர் உருட்டிய அந்த இடிமுழக்கம் மட்டும் நிற்கிறது. 1959இல் பதிவான அவருடைய ஹவுஸ் ஆஃப் புளூ லைட்ஸ் இசைத்தட்டில் பாஸ் வெண்டல் மார்ஷல், டிரம்ஸ் பால் மோஷன் என்பதை இன்றும் எவரும் பார்த்துச் சொல்லலாம். பிறருடைய தட்டுகளில் அவர் உடன்வாசித்த எத்தனையோ அமர்வுகளுக்கும் ரசிகர்கள் கணக்கெழுதி வைத்தார்கள். ஆகவே அவரைப் பற்றிய பேச்சு வாசிப்பைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பொன்னம்மாள் பாடிய குருவாயூர் புரேச சுப்ரபாதம், திரிசிவபுரேச சுப்ரபாதம், உத்சவப் பிரபந்தம், மீனாம்பிகா ஸ்தோத்திரம், இரயிம்மன் தம்பி, கே.சி. கேசவ பிள்ளை பாடல்கள் எல்லாம் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள். அவசரமே இல்லை. சாகித்தியத்தின் ஓர் எழுத்துகூட ஸ்வரத்துக்குள் அமுங்குவதில்லை. பிருகாவைக் காட்டி மயக்கும் ஆசை கிடையாது. கமகம் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவோடு நிற்கும். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் பாபநாசம் சிவனும் செம்மங்குடியும் சொல்லிக்கொடுத்ததை வாங்கி, வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு வாய்க்கும் தெளிவு அது. அவரிடம் படித்த நெய்யாற்றின்கரை வாசுதேவனிடமும் அந்தச் சொல்சுத்தத்தைக் கேட்கலாம்.

இந்த நோய் ஒரு கட்டுரையோடு நிற்பதில்லை. நம் விமர்சனம் முழுக்கப் பரவியிருக்கிறது. அழகியல் முகாம் ‘மேதைமை’ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்கிறது. விளிம்புநிலை பேசும் முகாம் சாதி, பால், பிரதேசம் என்று மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு நகர்கிறது. தமிழிசைக்காரர் எல்லைக்கு இந்தப் பக்கம் இழுக்கிறார், மறுதரப்பு அந்தப் பக்கம் இழுக்கிறது. இத்தனை சண்டையிலும் காது யாருக்கும் தேவைப்படவில்லை. ஒதுக்கப்பட்ட வரலாறு பேசப்படத்தான் வேண்டும். ஆனால் என்ன பறிபோயிற்று என்று தெரிய, அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதவனின் நீதியுணர்ச்சி அரைகுறையானது.

பொன்னம்மாள் 2021 ஜூனில் மறைந்தார். இரங்கல் எழுதி முடித்தாயிற்று. இனி வேலை தொடங்கட்டும். வானொலி ஒலிநாடாக்களும் வீட்டு கேசட்டுகளும் பூஞ்சை பிடிக்கும் முன்னால், எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தக் கீர்த்தனை, வயலின் யார், மிருதங்கம் யார் என்று எழுதி அனுப்புங்கள். அச்சிட நமக்குப் பக்கங்கள் உண்டு. ஒரு சாவேரியையாவது முழுக்கக் கேட்டுவிட்டு வருபவரோடு எந்தத் தகராறுக்கும் நாம் தயார்.